பொறுமை யாருக்குக் கடன்?

துன்பத்தை மூன்றாகப் பிரிப்பது நம் தத்துவ மரபில் மிகப் பழைய வழக்கம். தன் உடலும் மனமும் தனக்கே தருவது ஆதியாத்மிகம். பிற மனிதரும் விலங்குகளும் தருவது ஆதிபௌதிகம். மழை, இடி, கோள், தெய்வம் என்று நம் கைக்கு எட்டாத இடத்திலிருந்து வருவது ஆதிதைவிகம். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தொடங்குவதே இந்த மூவகைத் துன்பத்தைச் சொல்லித்தான். காய்ச்சலோ பாம்புக்கடியோ புயலோ, எதைக் கொண்டுவந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும். சென்னைப் புறநகரில் வாழ்கிறவரின் அன்றாடத் துன்பங்களைக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். சம்ப்பில் தண்ணீர் இல்லை, சொன்ன டேங்கர் வரவில்லை. வெளியூர் பஸ் பிடிக்க ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது, அங்கே போய்ச் சேருவதே தனிப் பயணம். வங்கிச் செயலி ஓடிபி கேட்கிறது, ஓடிபி வரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போனில் அந்தச் செயலியே இனி இயங்காது என்று ஒரு வரி வருகிறது. இவை எந்த வகை? உடலிலிருந்து வரவில்லை. எதிரில் நின்று எவரும் தீங்கு செய்யவும் இல்லை. அதனால் பெரும்பாலும் யோசிக்காமலேயே மூன்றாவது வகையில் சேர்த்துவிடுகிறோம். “நம்ம தலையெழுத்து”, “இந்த ஊர் இப்படித்தான்”, “பழகிக்க வேண்டியதுதான்” என்று முடித்துக்கொள்கிறோம்.

அப்படிச் சேர்ப்பது தவறு என்பதே இங்கே என் வாதம். இது வெறும் வகைப்பாட்டுத் தவறாக இருந்தால் பண்டிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். இது அறத்தைப் பாதிக்கிற தவறு. மனிதர்கள் கூடி முடிவெடுத்து, கையெழுத்துப் போட்டு, காசு ஒதுக்கியோ ஒதுக்காமலோ உண்டாக்கிய ஏற்பாட்டை விதி என்று நாம் நம்பிவிட்டால், அந்த ஏற்பாட்டுக்கு நம் பொறுமையைக் கொடுத்துவிடுகிறோம். மனத்தில் மூண்ட எரிச்சல் அதனால் மறைந்துவிடுவதில்லை. அது போக இடம் தேடி, கைக்கெட்டும் மனிதர்மேல் விழுகிறது. பொறுமை ஏற்பாட்டுக்கும் கோபம் மனிதருக்கும் என்று இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. நம் சமயங்கள் பொறுமை பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கு நேர் எதிரான திசையில் இருக்கிறது என்பதைக் காட்ட முடியும்.

முதலில் அந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கோடையில் வழக்கமாக நடப்பது இது. விடிகாலையில் மேல் தொட்டி காலி. மோட்டார் போட்டால் காற்றுதான் வருகிறது. போர்வெல் தண்ணீர் உப்பேறிப்போனதால் 12,000 லிட்டரோ 24,000 லிட்டரோ கொண்டுவரும் லாரிதான் கதி. லாரிக்குச் சொல்லியிருக்கிறது, வரவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிகின்றன. சிலர் படியிறங்கி வந்து கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைப் பிடிக்கிறார்கள். ராத்திரியே ஏன் சொல்லவில்லை, சம்ப்பை ஏன் பார்க்கவில்லை, எதற்குச் சம்பளம் வாங்குகிறாய் என்று ஒருமையில் கேள்விகள். அவர் தகப்பன் வயதில் இருக்கலாம், பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசி நேரத்தில் நிற்கலாம். குழாய்த் தண்ணீர் இணைப்பு வரும் என்று விளம்பரத் தாளில் அச்சடித்து விற்றவர் யார், தண்ணீருக்கு வழி இல்லாத இடத்தில் இத்தனை நூறு வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது எந்த அலுவலகம், குழாய் போடும் திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற கேள்விகள் அந்தக் காலையில் எழுவதே இல்லை. லாரி வந்ததும் குழு அடங்கிவிடுகிறது. ரேஷன் கடையிலும் இதே காட்சிதான். 2020 முதல் கைரேகை வைத்தால்தான் பொருள் என்று ஆனபின், பாத்திரம் தேய்த்தும் கல் சுமந்தும் ரேகை அழிந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. வசவு வாங்குவது கடையில் இருக்கும் விற்பனையாளர். அந்த இயந்திரத்தை எழுதிக் கேட்டவரும், அது தோற்றால் என்ன செய்வது என்று யோசிக்காமல் விட்டவரும் அந்த வரிசையின் கண்ணில் படுவதில்லை.

இவை மனிதர் செய்தவை என்பதற்கு என்ன சான்று? தென்சென்னைப் புறநகரையே எடுத்துக்கொள்வோம். கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். பல்லாவரமும் குரோம்பேட்டையும் பெருங்குடியிருப்புகளாக விரிந்தது அந்தப் பாதை வந்த பிறகு. போக்குவரத்து முதலில் வந்தது, வீடுகள் அதன் பின்னால் வந்தன. பின்னாளில் அந்த வரிசை தலைகீழானது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் அந்தப் பாதையின் தூண்கள் பாதியில் நின்றன. அதற்குள் சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்துவிட்டன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. செங்கல்பட்டு ரயில் பாதை அருகிலேயே ஓடுகிறது, ஆனால் முனையம் திறந்த அன்று அதற்கென ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடியற்காலை வந்து இறங்குகிறவர் பெட்டியும் பிள்ளையுமாக மாநகரப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ அலைய வேண்டியிருந்தது. எந்த வேலை முதலில், எது பிறகு என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததன் விளைவு இது. நட்சத்திரங்களுக்கு இதில் பங்கில்லை.

வெள்ளம் இன்னும் தெளிவான சான்று, ஏனென்றால் சாங்கியர் கணக்கில் அது மறுபேச்சில்லாத ஆதிதைவிகம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது வானம் கொட்டியது உண்மை. ஆனால் அந்தப் பகுதி முழுக்க ஏரிகளின் சங்கிலி. ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் அடையாற்றில் சேரும்படி முன்னோர் வெட்டி வைத்தது. வரத்துக் கால்வாயில் மனை பிரித்து, ஏரிக்கு ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்றபின் தண்ணீர் எந்த வழியில் போகும்? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்தப் பேரழிவில் மனிதர் கை இருந்ததை அது நேராகவே சொன்னது. மழை தெய்வத்திடமிருந்து வந்தது, மூழ்கியது மனிதரால் என்று பிரித்துப் பார்க்கும் நேர்மை ஒரு தணிக்கை அறிக்கைக்கு இருந்தது. பக்தியுள்ளவருக்கு அது கூடுதலாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் மனிதன் செய்த தவற்றைக் கடவுள் தலையில் கட்டுவது நாத்திகத்தைவிட மோசமான நிந்தனை என்றே எனக்குப் படுகிறது.

கைக்கருவிகளின் கதையும் வேறல்ல. பொருள் என்றால் தேயும், பழுதாகும் என்பது இயற்கைதான். எப்போது பழுதாக வேண்டும் என்பதைச் சில வேளை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். 1924இல் ஜெனிவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணி அமைத்தன. அதுவரை 1,500 மணி நேரம், அதற்கு மேலும் எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைப்பது அவர்கள் ஒப்பந்தம். ஆலைகள் மாதிரி பல்புகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கூடுதலாக எரியும் பல்பைச் செய்த ஆலைக்கு அபராதம். இரண்டாம் உலகப் போர் வரும்வரை அந்தக் கூட்டணி நீடித்தது. அந்த ஆண்டுகளில் பல்பு பீஸ் போனபோது “நம்ம ராசி” என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்! பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லாமல் விட்டதற்காக 2020இல் பிரான்ஸ் அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் மந்தமானதும் புதியது வாங்கியவர்கள் தங்கள் கைராசியை நொந்துகொண்டிருப்பார்கள். வீட்டு இழுப்பறையில் சேர்ந்து கிடந்த ஒன்றுக்கொன்று பொருந்தாத சார்ஜர்களையும் தொழில்நுட்பத்தின் விதி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கெல்லாம் ஒரே வகைத் துளை. ஒரு சட்டத்தால் மாறுகிறது என்றால் அது ஊழாக இருந்ததே இல்லை.

சான்று இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் ஏன் இவற்றை விதி என்று உணர்கிறோம்? இந்த ஏற்பாடுகள் விதியின் குணங்களை அப்படியே பெற்றிருக்கின்றன. முகம் கிடையாது, கேட்டால் பதில் வராது, திரும்பத் திரும்ப வரும், ஏன் என்று தெரியாது. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்கிறது, புகாருக்கு மூன்றை அழுத்தச் சொல்கிறது, பாட்டுப் போடுகிறது, கடைசியில் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அந்த முனையில் யாரும் இல்லை என்பதே அதன் பலம். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் 1970இல் வெளிவந்த வன்முறை பற்றிய தன் நூலில் அதிகாரவர்க்க ஆட்சியை யாருமற்றவரின் ஆட்சி என்று விவரித்தார். பதில் சொல்ல ஆளே இல்லாத ஆட்சி கொடுங்கோலனுடைய ஆட்சியைவிடக் கடுமையானது, ஏனென்றால் கொடுங்கோலனையாவது பெயர் சொல்லிக் கேட்கலாம் என்பது அவர் வாதம். முகமில்லாத சக்தியிடம் மனித மனம் இரண்டே விதமாக நடந்துகொள்ளும். ஒன்று கும்பிடும், இல்லாவிட்டால் கண்ணில் படும் முகத்தின்மேல் பாயும். நாம் இரண்டையும் ஒரே காலையில் செய்கிறோம்.

இதற்கு நம் இலக்கியத்திலேயே ஓர் எதிர் வழி இருக்கிறது. ஊழ்வினையின் பிடியைச் சொல்ல வந்த காப்பியம் என்று சிலப்பதிகாரத்தை அதன் பதிகமே அறிவிக்கிறது. ஆனால் அது அறிவிக்கும் மூன்று உண்மைகளில் ஊழ்வினை மூன்றாவதாக வருகிறது. முதலில் வருவது, ஆட்சியில் பிழைத்தவருக்கு அறமே எமனாகும் என்பது. இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை. கணவன் வெட்டுண்டு கிடக்கிறான். ஊழ் என்று சொல்லி ஆறுதல் அடைய கண்ணகிக்கு எல்லாக் காரணமும் இருந்தது; காப்பியமே அவள் பக்கம் நின்று அப்படிச் சொல்லத் தயாராக இருந்தது. அவள் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலுக்குப் போகிறாள். அங்கே அவள் முதலில் எதிர்கொள்வது ஒரு வாயிற்காவலனை. அவள் சினத்தின் உச்சத்தில் நிற்கும் இடம் அது. ஆனாலும் அவள் சுடுசொல் காவலனைத் தாண்டி உள்ளே இருப்பவனைத்தான் குறிக்கிறது. முறை தவறியவன் உன் அரசன், நான் வந்திருப்பதாகப் போய்ச் சொல் என்பதோடு காவலனை விட்டுவிடுகிறாள். உள்ளே போனபின் சாபத்தோடு அவள் தொடங்கவில்லை; சான்று காட்டுகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் சொல்கிறான், உடைத்துப் பார்க்கிறார்கள், வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. யாரிடம் கேட்பது, எதைக் கொண்டு கேட்பது, இடையில் நிற்பவரை எப்படி நடத்துவது என்ற மூன்றும் அந்தக் காட்சியில் இருக்கின்றன. அதற்குப் பின் மதுரை எரிந்ததும் உண்மை. அந்தத் தீயை நான் நியாயப்படுத்தவில்லை. வழக்கு வென்றபின் மிஞ்சிய சினம் அது. நமக்குத் தேவையானது வாசலிலும் அவையிலும் நடந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். கோபத்தைச் சமயங்கள் எல்லாமே பாவம் என்கின்றன, பொறுமையைத் தவம் என்கின்றன. நீ கோபத்துக்குச் சமயச் சான்று தேடுகிறாய் என்று. இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய மறுப்பு இல்லை. திருக்குறளின் பொறையுடைமை, வெகுளாமை ஆகிய இரண்டு அதிகாரங்களும் என் எதிரில் நிற்கின்றன. ஆனால் வெகுளாமை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அடக்குகிறவனே உண்மையில் அடக்கியவன் என்கிறார் வள்ளுவர். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். நம் கோபம் பலிக்கும் இடம் எது? செக்யூரிட்டி, ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், உணவு கொண்டுவரும் பையன், கால்சென்டரில் எழுதிக்கொடுத்ததை வாசிக்கும் பெண். பொறுமை என்னும் அறம் கடனாக இருப்பது இவர்களுக்குத்தான். அடுத்த குறளிலேயே பலிக்காத இடத்தில் கொள்ளும் சினமும் தீதுதான் என்கிறார், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே பெரிய இடத்தைப் பார்த்து உறுமுவதையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் உறுமல் வேறு, கேட்பது வேறு. பதில் கேட்க உள்ளம் கொதிக்க வேண்டியதில்லை. அரசன் முறை தவறினால் அல்லல்பட்டவர் கண்ணீர் அவன் செல்வத்தை அறுக்கும் என்று எழுதியவர், அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பழகிக்கொள்ளுங்கள் என்று எங்கும் எழுதவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்த பௌத்தத் துறவி சாந்திதேவர் பொறுமைக்கென்றே ஒரு முழு அதிகாரம் எழுதினார், போதிசரியாவதாரத்தின் ஆறாவது அதிகாரம். அதில் ஒரு வாதம் என் பக்கத்தை நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்கிறது. பித்தம் ஏறி உடம்பு நோகும்போது பித்தத்தின்மேல் யாரும் கோபப்படுவதில்லை. உன்னைத் துன்புறுத்துகிற மனிதனும் காரணங்களால் தள்ளப்பட்டே அப்படிச் செய்கிறான், அவன்மேல் மட்டும் ஏன் கோபம் என்று கேட்கிறார். இந்த வாதம் காரணங்களை மன்னிக்கச் சொல்லவில்லை. மனிதனை விட்டுவிட்டுக் காரணத்தைப் பார் என்கிறது. பித்தத்தைத் திட்டாதவர் பித்தத்துக்கு மருந்து சாப்பிடாமல் இருப்பதில்லை. ஸ்டோயிக் ஞானி எபிக்டெடஸ் பொதுக் குளியலறைக்குப் போகுமுன் அங்கே என்ன நடக்கும் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர் தெளிப்பார்கள், இடிப்பார்கள், வைவார்கள், திருடவும் செய்வார்கள். இதை முன்பே நினைத்தால் மனம் கலங்காது. நெரிசல் நேர மின்ரயிலில் ஏறுகிறவருக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. ஆனால் அவர் அடுக்கியதெல்லாம் உடன் குளிப்பவரின் செயல்கள். இடிப்பவரைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டி ஏன் இத்தனைதான், ரயில் ஏன் இத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்பதை அவர் அறிவுரை தடுக்காது. நம் வசத்தில் இருப்பது, இல்லாதது என்று அவர் போட்ட கோடு அடிமையாக வாழ்ந்த ஒருவர் போட்டது. வாக்குச்சீட்டும் தகவல் உரிமையும் உள்ள குடிமக்களுக்கு அந்தக் கோடு வேறிடத்தில் விழுகிறது.

இன்னொரு மறுப்பு, இவையெல்லாம் அற்பம் என்பது. பசியும் போரும் உள்ள உலகில் டேங்கரும் ஓடிபியும் தத்துவத்துக்கு உரிய துன்பமா? ஆசைப்பட்டுக் கடன் வாங்கிப் புறநகரில் வீடு வாங்கியது யார்? இந்த மறுப்பைச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்தத் துன்பத்தைக் காசு கொடுத்து விலக்கிக்கொள்ளக்கூடியவர். டேங்கர் வராவிட்டால் அவர் கேன் தண்ணீர் வாங்குவார், பஸ் வராவிட்டால் டாக்சி பிடிப்பார். அவருக்கு அற்பமாக இருப்பது அதே வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு ஒரு நாள் கூலி. விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லாதவர்களும் புறநகரில்தான் இருக்கிறார்கள். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் 2000ஆம் ஆண்டையொட்டித் துரைப்பாக்கம் பக்கம் குடியேற்றப்பட்டார்கள்; 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வேலை பழைய இடத்தில், வீடு இங்கே. பள்ளிக்கூடமும் பேருந்தும் பிறகு வரும் என்ற வாக்குறுதியோடு. துரைப்பாக்கத்துக் குடியிருப்பின் பெயர் கண்ணகி நகர். வேலைக்குப் போக விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணிடம் இது அற்பம் என்றோ, நீ ஆசைப்பட்டதன் பலன் என்றோ சொல்ல எந்தச் சமயத்துக்கும் உரிமை கிடையாது. எல்லோரும் பழகிக்கொண்ட ஏற்பாடு அப்படியே நிற்கும், அதன் முழுப் பாரமும் பழக வசதியில்லாதவர்மேல் இறங்கும். வசதியுள்ளவரின் பொறுமையை நான் அறமாக ஏற்க மறுப்பது இதனால்தான்.

வினைப்பயன் என்று சொல்கிறவர்களுக்கு வள்ளலார் பதில் சொல்லி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. பசித்தவன் தன் முன்வினையை அனுபவிக்கிறான், அதில் குறுக்கிடலாமா என்ற கேள்வியை ஜீவகாருணிய ஒழுக்கத்தில் அவர் நேராக எதிர்கொண்டார். வினையே காரணம் என்று வைத்துக்கொண்டாலும் பசியை நீக்குவது கடவுள் ஆணைக்கு விரோதமாகாது என்று வாதிட்டார். வாதத்தோடு நிற்கவில்லை. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார், அது இன்றும் எரிகிறது. துன்பத்துக்கு விளக்கம் சொல்வதும் அதை நீக்குவதும் வேறு வேறு வேலை. முதலாவதை வைத்து இரண்டாவதைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்பது அவர் செயலின் பொருள்.

கடைசியாக, உண்மையிலேயே கடினமான ஒரு மறுப்பு. பெரிய நகரம், குறைந்த பணம், நீதிமன்ற வழக்குகள்; யாரும் வேண்டுமென்று கெடுக்கவில்லை, நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலைக்கும் காலம் பிடிக்கும், அதற்குப் பொறுமை வேண்டாமா என்பது. வேண்டும். ஆதம்பாக்கத்தில் வீட்டை இழக்க மறுத்து வழக்குப் போட்டவருக்கும் நியாயம் இருந்தது. அவரை மிதித்துக்கொண்டு ரயில் ஓடியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே என் வாதத்துக்கு ஓர் எல்லை போட்டுக்கொள்கிறேன். ஏன் தாமதம், யார் பொறுப்பு, எப்போது முடியும் என்று சொல்கிற ஏற்பாடு நம் பொறுமைக்கு உரியது, முடிய எத்தனை ஆண்டு ஆனாலும். எதையும் சொல்லாமல், கேட்டால் அடுத்த எண்ணை அழுத்தச் சொல்கிற ஏற்பாட்டுக்கு ஒரு நாள் பொறுமையும் கடன் இல்லை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், கடவுளுக்கும் அஞ்சாத நீதிபதியிடம் ஒரு விதவை திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறாள். தொல்லை தாங்காமல் அவன் தீர்ப்புக் கொடுக்கிறான். ஜெபத்துக்கு உதாரணமாக அவர் காட்டியது அந்தப் பெண்ணை. அவள் யாரையும் வையவில்லை, வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொள்ளவும் இல்லை. சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகளுக்காக மாற்றுத்திறனாளிகளின் உரிமை பேசுகிறவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இன்று அவற்றில் மூட்டுவலிக்காரரும் கர்ப்பிணியும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். அந்த விடாப்பிடியை நான் பொறுமையின்மை என்று சொல்ல மாட்டேன். அது பிறர்க்குச் செய்த தொண்டு.

எனவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தண்ணீர் வராத காலையில் கேட்டில் நிற்பவரை “நீங்க” என்று அழைத்து, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பிறகு உட்கார்ந்து ஒரு மனு எழுதுங்கள். கட்டிடத்தில் அமைப்புக் குறை இருந்தால், வீடு கைக்கு வந்து 5 ஆண்டுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. செய்யாவிட்டால் ஆணையத்தில் முறையிடலாம். மின்சாதனத்துக்கு உதிரிபாகமும் பழுதுநீக்கும் விவரமும் எங்கே கிடைக்கும் என்று காட்ட 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ஒரு தளம் திறந்திருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் இல்லை என்றால் ஏன் இல்லை என்று அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். குழாய்த் திட்டமோ ரயில் நிலையமோ எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த அலுவலர் பொறுப்பு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அதற்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கும் வராவிட்டால் தகவல் ஆணையத்துக்குப் போங்கள்.